குரோமினேயில் கையசைத்தவர்கள்

2024ஆம் ஆண்டு நவம்பர் மாதம் ஒன்பதாம் நாள், சனிக்கிழமை. மலையூரான குரோமினேயில் விடியற்காலை முதலே, பெய்கிறதா நின்றுவிட்டதா என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாத குளிர்த் தூறல் விழுந்துகொண்டிருந்தது. மூடுபனி மரங்களின் இடுப்புவரை இறங்கி, அதற்குமேல் இறங்க மனமில்லாததுபோல் நின்றிருந்தது. கடற்கரைச் சந்திப்பான ஷியோமியில் புறப்பட்டு, ஆற்றை ஒட்டியே வளைந்து வளைந்து ஏறிக் குரோமினேயில் வந்து முடிகிற ஒற்றை இருப்புப்பாதைக்கு அன்று தொண்ணூறு வயது நிறைந்தது. அந்தப் பாதையில் முதல் ரயில் வந்து நின்ற அதே வேளையில், நிலையத்துக்கு எதிர்வீட்டில் பிறந்த தெத்சு அம்மையாருக்கும் அன்றுதான் தொண்ணூறு வயது நிறைந்தது. ஊராட்சி அலுவலக ஊழியனான நொபுயுக்கி, மழைக்கோட்டும் கையில் ஒலிபெருக்கியுமாக வாகன நிறுத்தத்தில் நின்று, ரயிலைக் கொண்டாட வந்த கார்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தான். வேலை என்னவோ சுலபமானதுதான். ஆனாலும் அவன் கண் அடிக்கடி நடைமேடைப் பக்கம் போய்வந்தது. ஊரின் சார்பில் அந்த அம்மையாருக்கு அவன் ஒரு வாக்குக் கொடுத்திருந்தான். அது இன்னும் சற்று நேரத்தில் காப்பாற்றப்பட வேண்டும்.

தெத்சு என்றால் இரும்பு. மரம் அறுக்கும் ஆலையில் வேலை பார்த்த தந்தை, இருப்புப்பாதை வந்த மகிழ்ச்சியில் வைத்த பெயர் அது. பெயரோடு அது நின்றிருந்தால் ஒரு தொல்லையும் இல்லை. ஆனால் நடை பழகிய பருவத்திலேயே, பனி மூடிய ஒரு நாளில், கணப்படுப்பின் அருகே விளையாடிக்கொண்டிருந்த குழந்தை முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "பாலத்தில் ஏறுகிறது" என்றது. பெரியவர்கள் கேட்டும் கேளாதவர்களாகத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். தேநீர் ஆறுவதற்குள் ரயில் வந்தது. அன்று முதல் ஊர், ரயில் அவள் உடம்பில் ஓடுவதைப் பழகிக்கொண்டது. குரோமினே மக்கள் எதையும் பழகிக்கொள்ளக்கூடியவர்கள். மருத்துவர் அவள் முதுகில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, நோய் ஒன்றுமில்லை, ரயில் தாமதமாக வருகிறது, அவ்வளவுதான் என்றார். தண்டவாளம் பழுதுபார்க்க வந்தவர்கள், சுரங்கப்பாதையருகே அடிக்கட்டை தளர்ந்திருக்கிறதா என்று அவளிடம் வந்து கேட்டார்கள். அவள் விலாவைத் தடவிப் பார்த்து, தளர்ந்திருக்கிறது, ஆனால் சுரங்கத்துக்கு அந்தப்பக்கம் என்றாள். குளிர்காலத்தில் நடைமேடையில் நடுங்கிக்கொண்டு காத்திருக்க யாரும் விரும்பவில்லை. அவள் வீட்டுக்குள் கணப்பைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, அவள் "இப்போது எழுந்திருங்கள்" என்று சொன்னதும் எழுந்துபோய் ரயிலேறினார்கள்.

அவள் வளர்ந்து, நிலையத்துக்கு எதிரே முடிதிருத்தும் கடை வைத்தாள். பெண் பார்க்க வந்த இடங்களெல்லாம், இரவெல்லாம் ரயில் ஓடுகிற உடம்பின் அருகே யார் தூங்குவது என்று பணிவாகப் பின்வாங்கிவிட்டன. அதனால் அவளுக்குக் கணவனும் இல்லை, பிள்ளையும் இல்லை. ஊர் ஆண்களின் தலைகள் மட்டும் இருந்தன. ஒருமுறை பெருமழையில் மலை சரிந்து பாதையை மூடியபோது, அதே வேளையில் கடையில் நின்றுகொண்டிருந்த தெத்சுவின் கணுக்கால் எலும்பு முறிந்தது. அப்போது ஊரே மண்வெட்டியோடு ஓடியது. ஆலை மூடப்பட்டது, பள்ளிக்கூடம் மூடப்பட்டது, கோயில் பூசாரிகூட அங்கியை வரிந்துகட்டிக்கொண்டு மண் சுமந்தார். கடைசிக் கூடை மண் அகன்ற அன்று எலும்பு கூடியது. தெத்சு எழுந்து நின்று, சுமந்த ஆண்களுக்கெல்லாம் காசு வாங்காமல் முகம் மழித்துவிட்டாள்.

அந்தக் காலம் போயிற்று. ஆலை மூடப்பட்டது, பிறகு திறக்கவில்லை. வீட்டுக்கு ஒரு கார் வந்தது. பிறகு ஆளுக்கு ஒரு கார் வந்தது. சரக்கு ரயிலை நிறுத்தியபோது தெத்சு அம்மையாருக்குப் பசி நின்றது. கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிடப் பழகிக்கொண்டார். இரவு ரயிலை நிறுத்தியபோது கனவு நின்றது. சுகிதைரா என்ற சிறு நிலையத்தை ஆளில்லை என்று மூடியபோது, இடக்கைச் சுண்டுவிரல் குளிர்காலத் தண்டவாளம்போல் சில்லிட்டுப் போய், கோடையிலும் அப்படியே இருந்தது. ஒவ்வொரு முறையும் ஊர் மிகவும் வருந்தியது. கடைசியில், வருத்தத்தை முறைப்படுத்த வேண்டும் என்று எண்ணிக் கையசைப்போர் சங்கம் ஒன்றைத் தொடங்கியது.

பாதையைக் காப்பாற்ற அந்த ஊர் கண்ட வழி அதுதான். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சங்கத்தார் ஒரே நிற மேலங்கி அணிந்து, கார்களில் புறப்பட்டு, வயல் விளிம்புகளிலும் கடவுப்பாதைகளிலும் வரிசையாக நின்று, கடந்து செல்லும் ஒற்றைப்பெட்டி ரயிலைப் பார்த்து இரு கைகளையும் உயர்த்தி அசைப்பார்கள். பெட்டிக்குள் ஓட்டுநர் மட்டும் இருப்பார். அவர் தொப்பியைத் தொட்டு வணங்குவார். பிறகு எல்லாரும் காரில் ஏறி வீடு திரும்புவார்கள். மாவட்ட நிர்வாகம் அந்தச் சங்கத்துக்குப் பரிசுகூட வழங்கியது.

அந்த ஆண்டு இலையுதிர் காலத் தொடக்கத்தில், பாதையை வரும் மார்ச்சு இறுதியோடு மூடிவிடுவது என்று ரயில் நிறுவனமும் ஊராட்சியும் பேசி முடித்தன. தொண்ணூறாம் ஆண்டு விழாவைச் சிறப்பாகக் கொண்டாடிவிட்டு, அதன்பிறகு அறிவிப்பது என்றும் முடிவாயிற்று. ஆனால் அந்த ஊர்மன்றத்தில் எந்தத் தீர்மானமும் எதிர்ப்போடு நிறைவேறுவதில்லை. கூட்டத்துக்கு முன்பே வீடு வீடாகச் சென்று, இனிப்புப் பெட்டி வைத்து, தரையில் நெற்றி படிய வணங்கி, சம்பந்தப்பட்ட ஒவ்வொருவரையும் தலையசைக்க வைத்துவிடுவது அங்கே வழக்கம். மரத்தை வேறிடத்தில் நடுவதற்கு முன் வேரைச் சுற்றிப் பதமாக மண் பறிப்பது எப்படியோ, அப்படி. எல்லாரும் தலையசைத்துவிட்டார்கள். மிச்சமிருந்தவர் ஒருவர்தான்.

"தெத்சு சானை யார் போய்ப் பார்ப்பது?" என்று ஊர்த்தலைவர் இமாய், பெயரோடு மரியாதைக்குச் சேர்க்கும் சான் என்ற சொல்லை விடாமல் கேட்டார். அறையிலிருந்த அனைவரும் நொபுயுக்கியைப் பார்த்தார்கள். அவன் தலையைச் சின்ன வயதில் மொட்டையடித்தவர் அவர்தானே, அவன் போனால் மறுக்கமாட்டார் என்றார் ஒருவர். அறையிலிருந்த அத்தனை ஆண்களின் தலையையும் மொட்டையடித்தவர் அவர்தான் என்பதை நொபுயுக்கி சொல்லவில்லை.

அவன் தனியாகப் போகாமல், துணைக்குக் கையசைப்போர் சங்கத் தலைவி குனிகோவையும் அழைத்துக்கொண்டு போனான். தெத்சு அம்மையார் பழைய முடிதிருத்தும் நாற்காலியில் சாய்ந்திருந்தார். கண்ணில் புரை விழுந்து, ஆட்களை நிழலாகத்தான் பார்த்தார். இருந்தாலும் பெட்டியின் அளவு அவருக்குத் தெரிந்துவிட்டது.

"பெட்டி பெரிதாக இருக்கிறதே, நொபு. சுகிதைராவை மூடியபோது இதில் பாதிதான் கொண்டுவந்தாய்."

"ஊர்த்தலைவரே பார்த்துப் பார்த்து வாங்கினார், தெத்சு சான். செம்பயற்று இனிப்பு."

"தின்றுவிட்டுச் சாக வேண்டுமா, செத்த பிறகு தின்ன வேண்டுமா? அதையும் கூட்டத்தில் பேசி முடித்துவிட்டீர்களா?"

நொபுயுக்கி பாயில் நெற்றியை வைத்தான். குனிகோவும் வைத்தாள். நெடுநேரம் இருவரும் நிமிரவில்லை.

"போதும், உட்கார். உச்சியில் முடி கொட்டுகிறது உனக்கு. உன் அப்பனுக்கும் அங்கேதான் முதலில் கொட்டியது."

அவன் ஒப்பித்துக்கொண்டு வந்ததையெல்லாம் சொன்னான். ரயிலுக்குப் பதிலாகப் பேருந்து வரும், புத்தம்புதிய பேருந்து, படி தாழ்வாக இருக்கும், முதியவர்களுக்கு மிகவும் வசதி.

"எனக்கு என்ன வசதி? அந்தப் பேருந்து எந்த எலும்பில் ஓடும்?"

அவன் இனிப்புப் பெட்டியை அவர் பக்கம் இன்னும் சற்று நகர்த்தினான். குனிகோ முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நாங்கள் எவ்வளவோ பாடுபட்டோம், தெத்சு சான். பனி விழும் நாளில்கூட நின்று கையசைத்தோமே! உங்களுக்குத் தெரியாதா?" என்றாள்.

"தெரியவில்லையே, குனிகோ. கையசைப்புக்கு எடை கிடையாது. என்மேல் ஒன்றும் படவில்லை." பிறகு அவன் பக்கம் திரும்பினார். "நீ ஏறுவதை நிறுத்தி முப்பத்தாறு வருடம் ஆயிற்று."

"உங்களுக்கு எப்படி..."

"பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது பின்கதவருகே நின்று, குதிகாலால் தரையைத் தட்டிக்கொண்டே வருவாய். இதோ, இந்த விலாவுக்குக் கீழே. திட்ட வேண்டும் என்று நினைப்பேன். முடிவெட்ட வரும்போது மறந்துபோகும். உன் அப்பன் எப்போதும் இடப்பக்கம் சாய்ந்து தூங்குவான். குனிகோ கல்யாணமாகி வந்த அன்று, ஏறியதிலிருந்து இறங்கும்வரை உட்காரவே இல்லை. நீங்கள் ஒவ்வொருவரும் எனக்கு ஒவ்வொரு மாதிரி கனத்தீர்கள். இப்போது எத்தனையோ வருடமாகக் காலிப் பெட்டிதான் போகிறது, வருகிறது. வெறும் வயிற்றில் கரண்டி உரசுவதுபோல் இருக்கிறது, தெரியுமா?"

வெளியே ஒரு கார் போயிற்று.

"நான் தலையசைக்கிறேன்," என்றார் தெத்சு அம்மையார். "தொண்ணூறு போதும். எனக்கு ஒன்றே ஒன்று வேண்டும். விழா நாளில் நீங்கள் ஏற வேண்டும். ஊர்க்காரர்கள். ஷியோமி வரை போக வேண்டாம். முதல் நிலையத்தில் இறங்கிவிட்டால்கூடப் போதும். ஒரே ஒரு தடவை உங்கள் கனம் என்மேல் ஏறி இறங்கட்டும். அதற்கு மேல் உங்கள் விருப்பம்."

நொபுயுக்கி வாக்குக் கொடுத்தான். கண்ணீரோடுதான் கொடுத்தான், அந்தக் கண்ணீரில் பொய் இல்லை.

ஊர்த்தலைவர் மிகவும் மகிழ்ந்தார். விழாவில் தெத்சு அம்மையாரே ஒருநாள் நிலைய அதிகாரியாகச் சீருடை அணிந்து, முதல் ரயிலுக்குக் கொடி காட்டுவார் என்று அறிவித்தார். அம்மையாரின் வேண்டுகோள் சுற்றறிக்கையாக வீடு வீடாகப் போயிற்று. மறுத்தவர் ஒருவரும் இல்லை. கட்டாயம் ஏறுகிறோம் என்றார்கள். குழந்தைகளையும் ஏற்றுகிறோம் என்றார்கள். இதுகூடச் செய்யாவிட்டால் நாம் மனிதர்களா என்றும் சிலர் கேட்டார்கள்.

சொன்னபடியே, அந்தச் சனிக்கிழமை அனைவரும் வந்தார்கள். காரில்தான் வந்தார்கள், வேறெதில் வருவது? நொபுயுக்கி கடைசிக் காரையும் நிறுத்திவிட்டு நடைமேடைக்கு ஓடியபோது, அங்கே அவன் எதிர்பாராத ஒரு கூட்டம் நின்றுகொண்டிருந்தது. டோக்கியோவிலிருந்தும் ஒசாக்காவிலிருந்தும் அதற்கப்பாலிருந்தும், மூடப்படப்போகிற பாதையின் வாடையை எப்படியோ மோப்பம் பிடித்துவிடுகிற ரயில் ரசிகர்கள், கழுத்தில் கேமராவும் முதுகில் பையுமாக, விடியலுக்கு முன்பே வந்து, தூறலில் நனைந்தபடி, ஒருவர் காலை ஒருவர் மிதிக்காமல் நேர்த்தியாக வரிசையில் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால்தான் ஊர் நின்றது.

புதுச்சாயம் பூசிய ஒற்றைப்பெட்டி ரயில், வாயிலில் தொங்கிய காகிதப் பந்து பிளந்து வண்ணத்தாள்கள் கொட்ட, கதவைத் திறந்தது. நொபுயுக்கி ஒலிபெருக்கியை உயர்த்தி, "குரோமினே மக்கள் முதலில் ஏறுங்கள்! ஊர்மக்கள் முன்னே வாருங்கள்!" என்றான்.

வெளியூர்க்காரர்கள் மறுபேச்சின்றி விலகி வழிவிட்டார்கள். ஊர்மக்கள் நகரவில்லை.

"ஐயோ, எவ்வளவு தூரத்திலிருந்து வந்திருக்கிறார்கள், பாவம்," என்றாள் குனிகோ. "இவர்களைத் தள்ளிவிட்டு நாம் ஏறுவதா?"

"நனைந்துவிட்டார்கள் வேறு."

"நீங்கள் ஏறுங்கள், தம்பி. நாங்கள் இங்கேயே இருப்பவர்கள்தானே. எப்போது வேண்டுமானாலும் ஏறிக்கொள்வோம்."

"இல்லை, இல்லை, நீங்கள்தான் முதலில்," என்றார்கள் விருந்தினர்.

"இல்லை, தயவுசெய்து நீங்கள்."

விருந்தினர் வணங்கினார்கள், ஊர் அதைவிடத் தாழ்ந்து வணங்கியது, அவர்கள் மேலும் வணங்கினார்கள், ஊர் ஓர் அடி பின்வாங்கியது. இப்படி வணங்கி வணங்கியே, ஒரு தள்ளுமுள்ளு இல்லாமல், ஓர் உரத்த சொல் இல்லாமல், பெட்டி முழுவதும் அந்நியர்களால் நிரம்பியது. ஊர்த்தலைவரும் தம் இருக்கையை நாகோயாவிலிருந்து வந்த ஒரு முதியவருக்கு விட்டுக்கொடுத்து இறங்கி வந்தார். அதைப் பார்த்தவர்கள் அவருடைய பண்பை மெச்சினார்கள்.

பின்கதவின் அருகே ஓர் ஆள் நிற்க இடம் இருந்தது. அது அவனுடைய பழைய இடம். நொபுயுக்கி ஒலிபெருக்கியைக் கீழே வைத்துவிட்டு ஓடினான். ஒரு காலைப் படியில் வைத்தும் விட்டான். அப்போது அவனுக்குப் பின்னால் மூச்சிரைக்க ஓடிவந்த ஒரு பெண், கேமரா முக்காலியைத் தோளில் சுமந்தவள், இடமில்லை என்று கண்டு, "பரவாயில்லை, மன்னியுங்கள்," என்று தலை தாழ்த்தினாள். நொபுயுக்கியின் கால் படியிலிருந்து இறங்கியது. அவன் இறக்கவில்லை, அதுவே இறங்கியது. அவனுடைய கை அவளுக்கு வழிகாட்டியது. அவனுடைய வாய், "தயவுசெய்து ஏறுங்கள்," என்றது. கதவு மூடிக்கொண்டது.

நடைமேடையின் முனையில், அளவுக்குப் பெரிய சீருடையும் செந்நிறப் பட்டையிட்ட தொப்பியுமாகத் தெத்சு அம்மையார், சுருட்டிய கொடியைப் பிடித்தபடி நின்றிருந்தார். தூறலின் ஊடே அவருக்கு எதுவும் தெரியவில்லை. நிலைய அதிகாரி கொடி காட்டாமல் வண்டி நகராது. ஓட்டுநர் சன்னல் வழியே தலையை நீட்டிக் காத்திருந்தார்.

"ஏறிவிட்டார்களா, நொபு?"

அவன் சுற்றிலும் பார்த்தான். மேலங்கி அணிந்த ஊர், நடைமேடை நெடுகிலும் வரிசையாக நின்று, கைகளை உயர்த்தத் தயாராக இருந்தது.

"ஏறிவிட்டார்கள், தெத்சு சான்."

அவர் கொடியை உயர்த்தினார். ரயில் ஒருமுறை ஊதிவிட்டு நகர்ந்தது. ஊர் இரு கைகளையும் தலைக்குமேல் தூக்கி அசைத்தது. அவ்வளவு அன்போடு, அவ்வளவு ஒழுங்காக அந்த ஊர் அதற்கு முன் ஒருபோதும் கையசைத்ததில்லை. பெட்டிக்குள்ளிருந்து கேமராக்கள் அதைப் படம் பிடித்தன. ரயில் வளைவில் திரும்பிப் பாலத்தை நோக்கிப் போயிற்று. தெத்சு அம்மையார் முழங்காலில் ஒரு கையும் விலாவில் ஒரு கையும் வைத்துக்கொண்டு, யாரோ கதவைத் தட்டுவதைக் கூர்ந்து கேட்பவர்போல் தலையைச் சாய்த்து நின்றார். பாலத்தின் ஓசை அடங்கும்வரை அப்படியே நின்றார்.

"கனமாகத்தான் இருக்கிறது," என்றார் பிறகு. "இவ்வளவு கனம் ஏறி எத்தனையோ வருடம் ஆயிற்று. ஆனால், நொபு, இதில் ஒருவரைக்கூட எனக்குத் தெரியவில்லையே."

அவன் தலை குனிந்தான். அவர் தொப்பியைக் கழற்றி அவன் கையில் கொடுத்தார்.

"வீட்டில் கொண்டுபோய் விடு. காரிலேயே போகலாம். இனிமேல் எதில் போனால் என்ன?"

அதன்பிறகு நடந்தவை இவை. மறுநாள் முதல் ரயில் வழக்கம்போல் காலியாக ஓடியது; யார் வேண்டுமானாலும் ஏறியிருக்கலாம். திங்கட்கிழமை ஏறிவிடுவது என்று நொபுயுக்கி நினைத்தான். திங்கட்கிழமை காகிதத் தோரணங்களை அகற்றும் வேலை இருந்தது. திசம்பரில் பனி விழுந்தது; சனவரியில் சாலைப் பனியை அள்ளும் பொறுப்பு அவன் பிரிவுக்கு வந்தது; மார்ச்சில் வெளியூர்க்காரர்கள் மறுபடியும் கூட்டமாக வந்து, இடம் பிடித்துக்கொண்டார்கள். 2025ஆம் ஆண்டு மார்ச்சு முப்பத்தொன்றாம் நாள் கடைசி ரயில் ஷியோமி போய்ச் சேர்ந்தது. ஓட்டுநர் பொறியை அணைத்தபோது, தெத்சு அம்மையார் முடிதிருத்தும் நாற்காலியில் சாய்ந்தவாறே இறந்துபோனார். இனிப்புப் பெட்டி பிரிக்கப்படாமல் கண்ணாடியின் முன் இருந்தது.

அவருக்கு உறவினர் இல்லாததால் எரியூட்டியபின் எலும்பு எடுக்க ஊரார்தான் சென்றார்கள். முறைப்படி இருவர் சேர்ந்து குச்சிகளால் ஒவ்வோர் எலும்பாக எடுத்துக் கலயத்தில் இட வேண்டும். நொபுயுக்கியும் குனிகோவும் முழங்கால் எலும்பைப் பற்றினார்கள், அது துருவின் நிறத்தில் இருந்தது, அசையவில்லை. ஊர்த்தலைவர் வந்து பிடித்தார். பிறகு இன்னும் சிலர் வந்து பிடித்தார்கள். குச்சிகள் ஒடிந்தன. கடைசியில் கைகளாலேயே, அறையிலிருந்த அனைவரும் சேர்ந்து தூக்கினார்கள். வெளியே வந்ததும் ஒவ்வொருவராகக் காரில் ஏறிப் போனார்கள்.

புதிய பேருந்து ஓராண்டுகூட ஓடவில்லை. ஆளில்லை என்று நிறுத்தினார்கள். அது ஓடிய நாள்வரை கையசைப்போர் சங்கம் அதற்கும் கையசைத்தது. தண்டவாளங்களைப் பெயர்த்து, அந்த இடத்தைச் சமன்படுத்திக் கார் நிறுத்தமாக்கினார்கள். நிலையக் கட்டடம் நினைவுக்கூடமாயிற்று. தெத்சு அம்மையாரின் தொப்பி அங்கே கண்ணாடிப் பேழையில் இருக்கிறது. தொண்ணூற்றோராம் ஆண்டு விழா நவம்பர் ஒன்பதாம் நாள் நடந்தது. வானம் தெளிவாக இருந்தது. முந்தைய ஆண்டைவிட அதிகமான கார்கள் வந்தன. ரயில் வரும் நேரத்தில் அனைவரும் வரிசையாக நின்று, ஒன்றுமில்லாத தடத்தை நோக்கிக் கையசைத்தார்கள். நொபுயுக்கி ஒலிபெருக்கியோடு வாகன நிறுத்தத்தில் நின்று, பின்னால் வருகிறவர்களுக்கு இடம் விட்டு நெருக்கி நிறுத்துமாறு கேட்டுக்கொண்டிருந்தான்.